கரையில் சம்பளம், கடலில் பங்கு

2026 ஜனவரி முதல் இலங்கையில் ஒருவரை நாட்கூலிக்கு வைத்திருப்பவர் 1,200 ரூபாவுக்குக் குறையக் கொடுக்கக்கூடாது. மாதச் சம்பளக்காரர் என்றால் 30,000. இந்த இரண்டு எண்களையும் சுற்றிக் கொழும்பில் நடந்த வாதம் பழைய வாதந்தான். தொழிற்சங்கங்கள் போதாது என்றன. தொழில்கொள்வோர் தரப்பு, இப்படிக் கூட்டினால் ஆட்குறைப்புத்தான் என்றது. யாழ்ப்பாணத்தின் மயிலிட்டித் துறைமுகத்தில் நின்று கேட்டால் இரண்டு பேச்சும் வேறு யாரையோ பற்றியவை. விடியப்புறம் படகிலிருந்து மீன்பெட்டியோடு இறங்குபவருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அன்றைய மீன் கூறி விற்கப்பட்டு, செலவு கழிந்து, மிஞ்சியதில் ஒரு பங்குதான் அவருடையது. சில நாட்களில் அது 1,200ஐப் போல நாலு மடங்கு வரும். சில நாட்களில் ஒன்றும் வராது.

ஆகவே இந்தக் கொள்கையை எடைபோடுகிறவர் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சட்டம் தொடுகிறவர்களுக்கு அது நன்மையா, தீமையா? தொடாமல் விட்டவர்களுக்கு அதனால் ஏதாவது உண்டா? முதல் கேள்விக்கு என் விடை, பயமுறுத்துகிறவர்கள் சொல்லும் அளவுக்குத் தீமை இல்லை என்பது. இரண்டாவதற்கு, ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்த நாட்டில் வேலைசெய்பவர்களில் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் முறைசாராத் துறையில் இருக்கும்போது, இரண்டாவது கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுத் தீர்ப்பு எழுத முடியாது.

முதலில் எண்களைப் பார்ப்போம். ஆகக்குறைந்த வேதனம் இலங்கைக்குப் புதிதல்ல. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டங்களில் வேலைசெய்த இந்தியத் தமிழருக்கு ஆகக்குறைந்த கூலியை விதித்தது. ஆட்களை அனுப்பிய இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் அதன் பின்னால் இருந்தது. 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்து, தொழில் தொழிலாகச் சம்பளம் குறிக்கும் முறை தொடங்கியது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்குச் சபைகள் உண்டு. எந்தச் சபைக்குள்ளும் அகப்படாதவருக்கும் ஒரு தளம் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் மாதம் 10,000, நாள் 400 என்று வைத்தது. பிறகு 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, இப்போது 30,000.

இந்த ஏணியைப் பார்த்து மயங்க வேண்டாம். 17,500இலிருந்து 27,000க்குத் தாவியதாகச் சொல்வது பாதி உண்மை. 2005, 2016 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்படி 3,500 ரூபா வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி ஏற்கெனவே தனியாகக் கொடுபட்டு வந்தது. அதைச் சம்பளத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஆகவே தாவல் தொடங்கிய இடம் 21,000. அதே கணக்கில் 2016இன் தளமும் 13,500 ஆகிறது. பத்து ஆண்டுகளில் 13,500 என்பது இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் குறைய ஏறி 30,000 ஆயிற்று. இதே காலத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். டிசெம்பரில் சற்றே தணிந்தும் 57.2. அந்த ஆண்டு முழுவதும் ஆகக்குறைந்த வேதனம் 12,500இலேயே நின்றது. 2024இல் ஒருவாறு கூட்டியபோது கொடுத்தது 40 சதவீதம். ஒரே ஆண்டின் விலையேற்றத்தைக்கூட அது ஈடுகட்டவில்லை.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 30,000 ரூபா 2016இன் வாங்கும் சக்தியை ஏறக்குறைய மீட்டுத் தருகிறது, அதற்கு மேல் பெரிதாக எதையும் தரவில்லை. 2016இல் அந்தச் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டே கடைகளும் தொழிற்சாலைகளும் நடந்தன. அப்போது வேலையைக் கொல்லாத சம்பளம் இப்போது மட்டும் ஏன் கொல்ல வேண்டும்? தொழில்கொள்வோர் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது: மூன்று ஆண்டுகளாக உருகவிட்டதை ஒன்பது மாதங்களுக்குள் 43 சதவீதமாக ஏற்றியது முரட்டுத்தனம். ஆண்டுதோறும் விலையோடு சேர்த்து நகர்த்தியிருந்தால் எவருக்கும் அதிர்ச்சி இருந்திருக்காது. அந்தக் குற்றம் ஆகக்குறைந்த வேதனம் என்ற கருத்தின் மேல் விழாது, அதை நினைத்த நேரம் நகர்த்தும் அரசியலின் மேல்தான் விழும்.

வேலை குறையுமா என்ற கேள்விக்கு உலகத்தில் எண்பது ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. விலையைக் கூட்டினால் கேள்வி குறையும், உழைப்பும் ஒரு சரக்குத்தான் என்று 1946இல் ஜோர்ஜ் ஸ்டிக்லர் எழுதினார். 1992இல் நியூ ஜேர்சி மாநிலம் மணித்தியாலச் சம்பளத்தை 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா அசையவில்லை. டேவிட் கார்டும் அலன் குரூகரும் எல்லையின் இருபுறமும் 410 துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டு, நியூ ஜேர்சியில் வேலை குறைந்ததற்கான தடயம் இல்லை என்று 1994இல் வெளியிட்டார்கள். நியூமார்க்கும் வொஷரும் சம்பளப் பதிவேடுகளை எடுத்து அந்த முடிவை மறுத்தார்கள். 2019இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு அமெரிக்க மாநிலங்களின் 138 சம்பள உயர்வுகளை எடுத்துப் பார்த்தது. புதிய தளத்துக்குக் கீழே மறைந்த வேலைகளின் அளவுக்குத் தளத்தின் மேலே வேலைகள் முளைத்திருந்தன. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால் வாதம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் சியாட்டில் நகரைப் பார்க்க வேண்டும். சம்பளம் 13 டொலரைத் தொட்டபோது ஆட்களை நிறுத்தாமல் மணித்தியாலங்களைக் குறைத்தார்கள் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். ஜேர்மனி 2015இல் 8.50 யூரோவோடு தொடங்கியபோது வேலையின்மை கூடவில்லை. சின்ன நிறுவனங்களிலிருந்து ஆட்கள் பெரிய, கூடச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள். அங்கே நகர்வதற்கு ஓர் இடம் இருந்தது.

இந்த ஆய்வுகளை இலங்கைக்கு அப்படியே பெயர்த்து நடமுடியாது. இங்கே சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பென்சில்வேனியா இல்லை. பொருளாதாரம் 2024இல் 5 சதவீதம் வளர்ந்து நெருக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருந்த நேரத்தில்தான் சம்பளமும் ஏறியது. ஆகவே 2025க்குப் பிறகு வந்த எந்த வேலைவாய்ப்பு எண்ணையும் தூக்கிக் காட்டி இதோ சான்று என்பவர், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், சான்று என்பதை அறியாதவர்.

ஆனால் ஆய்வுகளுக்குப் பின்னால் உள்ள ஒரு பொறிமுறை யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துகிறது, பொருளியல் நூல்களில் உள்ளதைவிட நன்றாகவே பொருந்துகிறது. 1933இல் ஜோன் றொபின்சன் விளக்கியது அது. வேலைதருபவர் ஒருவரோ சிலரோ மட்டுமே இருந்து, தொழிலாளி அவர்களை விட்டால் வேறு இடம் போகமுடியாத நிலையில், சம்பளம் அவரது உழைப்பின் பெறுமதிக்குக் கீழேயே கிடக்கும். அப்படிப்பட்ட சந்தையில் சட்டம் சம்பளத்தைக் கூட்டினால் வேலை குறையத் தேவையில்லை, கூடவும் செய்யலாம். பாடப்புத்தகத்தில் இதற்குத் தனிமையில் கிடக்கும் ஒரு சுரங்கப் பட்டினத்தை உதாரணம் காட்டுவார்கள். மயிலிட்டி இருக்கும் வலிகாமம் வடக்கில் சுரங்கம் இல்லை, மூடிய வீதி இருந்தது.

1990 ஜூனில் போரால் மயிலிட்டி வெறுமையானது. அதே ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. 1950இல் தொடங்கிய அந்த ஆலைதான் இந்தக் கரையோரத்தில் மாதச் சம்பளம், சேமலாப நிதி, மேலதிக நேரக் கொடுப்பனவு என்பவற்றைச் சாதாரணக் குடும்பங்களுக்குப் பழக்கியது. ஊருக்குள் திரும்பிப் போக 27 ஆண்டுகள் ஆயின. 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் இராணுவத்திடமிருந்து விடுபட்டன. அதற்குப் பிறகும் பலாலி வீதியின் ஒரு பகுதி மூடியே கிடந்து, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திறந்தபோதும் காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும் என்ற கட்டுப்பாடு. யாழ்ப்பாண நகரத்துப் புடவைக்கடை மாலை 5 மணிக்கு மூடுவதில்லை. நகரத்துக்கு வேறு வழியால் சுற்றிப் போகலாம். ஆனால் இருட்டியபின் பஸ் கிடைக்குமா என்று பார்த்து வேலை தேடும் ஒரு பெண்ணுக்கு, வேலைதருபவர்களின் தொகை அங்கேயே சுருங்கிவிடுகிறது. கிட்டடியில் உள்ள இரண்டொரு கடை, ஒரு மருந்தகம், நண்டு உடைக்கும் ஓர் ஆலை என்றால் சம்பளம் பேசுவது யார்? நாடளவில் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தொழிற்படையில் இருக்கிறார்கள். மற்றவர்கள் ஏன் வெளியில் நிற்கிறார்கள் என்பதற்குப் பண்பாட்டைக் குற்றம் சொல்வது எளிது. போக்குவரத்துக் கூலி கழித்தால் கையில் மிஞ்சாத சம்பளமும் ஒரு காரணம்.

ஆகவே கடைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30,000 என்ற தளம் வேண்டும். அது வேலையை அழிக்கும் என்ற வாதம் அவரது சந்தையில் மிகப் பலவீனமானது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். அரசாங்கத்தின் வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாவைத் தாண்டுகிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 64,000. இரண்டு பேர் இந்தச் சட்டப்படி முழுச் சம்பளத்துக்கு வேலைசெய்தாலும் 60,000. சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்தால் கைக்கு வருவது 55,200. இதை ஊதாரித்தனமான சம்பளம் என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும்.

கடைக்காரரின் கணக்கையும் நேர்மையாக எழுத வேண்டும். 21,000 ரூபாவில் மூன்று பேரை வைத்திருந்தவர் ஒவ்வொருவருக்கும் 9,000 கூட்ட வேண்டும். அதோடு சேமலாப நிதிக்கு 12 சதவீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம். மூவருக்கும் சேர்த்து மாதம் 31,050 ரூபா புதிய செலவு. அதாவது புதிய சம்பளத்தில் ஒரு முழு ஆளின் சம்பளம். அவர் செய்யக்கூடியவை பல: விலையைக் கூட்டலாம், மூன்றாவது ஆளை நிறுத்தலாம், முழுநாளை அரைநாளாக்கலாம். இவற்றைவிட எளிதான ஒன்று, பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கி, கையில் வேறு தொகை கொடுப்பது. வடக்கில் இதைக் கேள்விப்படாதவர் இல்லை. சட்டம் தோற்பது பெரும்பாலும் ஆட்குறைப்பினால் அல்ல, இந்த இரண்டு கணக்கினால்தான். ஆட்குறைப்பு புள்ளிவிபரத்தில் தெரியும், இது தெரியாது. தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதும் பெண்ணுக்கு அடுத்த கடையிலும் வேலை கிடைக்காது என்ற பயம் இருக்கும்வரை அது வெளிவரப்போவதுமில்லை.

மலையகம் இதற்கு ஒரு முன்னோட்டம். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோக்கணக்கு கூட்டப்பட்டது, வேலைநாட்கள் வெட்டப்பட்டன என்று தொழிற்சங்கங்கள் குற்றஞ்சாட்டின. 2024இல் 1,700 என்று அறிவித்து, நீதிமன்றம் வரை போய், 1,350இல் வந்து நின்றது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வரவுக்கான ஊக்கத்தொகையாக 200 ரூபாவை அரசே தருவதாகச் சொன்னது. இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். தனியார் கம்பனியின் தொழிலாளிக்கு அரசு தன் பையிலிருந்து ஒரு பகுதியைக் கொடுக்க ஒத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால் கடலுக்குப் போகிறவருக்கு ஏன் கூடாது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

கடலுக்கு வருவோம். முன்னாளில் நாட்டின் முன்னணி மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த மயிலிட்டியில், வள்ளமும் வலையும் இயந்திரமும் உள்ளவர் ஒருவர், அவரோடு தொழிலுக்குப் போகிறவர்கள் சிலர் என்பதே ஏற்பாடு. 1990இல் படகையும் வலையையும் விட்டுவிட்டு ஓடியவர்களில் பலர் முகாம்களில் இருந்தபடி பிற துறைகளில் பிறருடைய படகுகளில் ஏறினார்கள். உடைமையாளர்களாக இருந்தவர்கள் ஒரே கோடையில் பங்குக்காரர்களானார்கள். துறைமுகம் திரும்பக் கிடைத்தபோது படகு திரும்பக் கிடைக்கவில்லை.

பங்கு பிரிக்கும் விகிதம் தொழிலுக்குத் தொழில் மாறும். கணக்குக்காக ஒன்றை வைத்துப் பார்ப்போம். இரண்டு பேர் போகும் சிறு படகு, 30 லீற்றர் மண்ணெண்ணெய், செலவு கழித்தபின் பாதி படகுக்கும் வலைக்கும், மீதிப்பாதி இருவருக்கும். மீன் 24,000 ரூபாவுக்கு விற்கிறது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்த காலத்தில் செலவு 2,610, ஒருவருக்கு வருவது ஏறக்குறைய 5,350. 2022 ஓகஸ்டில் அதே மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானது. செலவு 10,200, ஒருவருக்கு 3,450. மீன் குறைந்து 12,000 ரூபாவுக்கே விற்ற நாளில், ஒருவரின் பங்கு 450 ரூபா. வாடைக் காலத்தில் கடல் பொங்கிப் படகு இறங்காத நாளில் பூச்சியம். இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போன இரவில் பூச்சியத்துக்கும் கீழே, ஏனென்றால் வலை வாங்க முற்பணம் கொடுத்தவர் அடுத்த பங்கில் கழிப்பார். இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. அத்துமீறி வந்து பிடிபட்ட இந்தியப் படகுகள் இதே மயிலிட்டித் துறையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கின்றன.

இந்தக் கணக்கில் எங்கே 1,200ஐ நுழைப்பது? தினம் 1,200 கொடு என்று படகுக்காரரைக் கட்டாயப்படுத்தினால், நல்ல நாளின் 3,450ஐ அவர் ஏன் பகிர வேண்டும்? பங்கு முறை தொழிலாளிக்கு நல்ல நாளில் உரிமை தருகிறது. அதைச் சம்பளமாக மாற்றினால் முதலில் எதிர்ப்பவர் தொழிலாளியாகத்தான் இருப்பார். பங்கு முறையை வெறும் சுரண்டல் என்று எழுதிவிடும் நகரத்து இடதுசாரிகளுக்கு இது விளங்குவதில்லை. பங்கு என்றால் சமத்துவம் என்று உருகுகிறவர்களுக்கு மற்றப் பாதி விளங்குவதில்லை. எரிபொருள் ஏற்றம் பங்குக்கு முன்னால் கழிகிறது. ஆகவே விலையேற்றத்தின் பாதியைப் படகு இல்லாதவரே சுமக்கிறார். எந்தக் கடைக்காரரும் தன் மின்கட்டணத்தின் பாதியை வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தில் கழிப்பதில்லை.

பிரித்தானியா 1998இல் ஆகக்குறைந்த வேதனச் சட்டம் இயற்றியபோது பங்குக்குப் போகும் மீனவரைப் பெயர் சொல்லியே விலக்கிவைத்தது. சர்வதேச தொழில் அமைப்பின் 2007ஆம் ஆண்டு 188ஆம் இலக்கச் சமவாயம், பங்குக்கு வேலைசெய்பவரும் மீனவரே, அவருக்கும் எழுத்திலான உடன்படிக்கை வேண்டும் என்கிறது. எனக்கு இரண்டாவது வழியே சரியெனப் படுகிறது. பிரித்தானியச் சட்டம் பிரச்சினையை ஒத்துக்கொண்டு கதவைச் சாத்தியது. நமது சட்டம் ஒத்துக்கொள்ளக்கூட இல்லை. நடைமுறையில் தொழில் அதிகாரி எவரும் இறங்குதுறைக்கு வந்து பங்குக் கணக்கைக் கேட்பதில்லை.

முறைசாராத் துறைக்கும் சட்டத்தின் வெளிச்சம் போய்ச் சேரும் என்று ஒரு வாதம் உண்டு. பிரேசிலில் இதைக் கலங்கரை விளக்க விளைவு என்பார்கள். பதிவில்லாத வேலைகளிலும் ஆட்கள் சட்டச் சம்பளத்தைக் காட்டியே பேரம் பேசினார்களாம். இங்கே அது நடக்க வழியில்லை. 1,200 ரூபாவுக்கு வடக்கில் மேசனுக்குக் கையாளாகக்கூட ஒரு ஆண்மகன் வரமாட்டார். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போன நாடு இது. போதாததற்குக் கனடாவிலும் பிரான்சிலும் இருந்து வரும் பணம், எந்தக் கூலிக்கு எழும்பிப் போவது என்ற எல்லையை மேலே தள்ளிவிட்டது. சந்தைக் கூலிக்குக் கீழே எரியும் விளக்கைப் பார்த்து யாரும் திசை பிடிப்பதில்லை. பங்குக்குப் போகிறவருக்கோ அன்றாடக் கூலியின் அளவு பிரச்சினையில்லை, அது வராத நாட்கள்தான் பிரச்சினை.

எனவே தீர்ப்பை இரண்டாகவே எழுத வேண்டியிருக்கிறது. கரையில் சம்பளத்துக்கு நிற்பவர்களுக்கு இந்தச் சட்டம் சரி. அதன் தொகை குறைவு. ஆண்டுக்கொரு முறை விலைச் சுட்டெண்ணோடு தானாக நகர்ந்தால் கடைக்காரருக்கும் அதிர்ச்சி இராது, அமைச்சருக்குக் கைதட்டல்தான் இராது. கடலுக்குப் போகிறவர்களைப் பொறுத்தவரை, இதை உழைக்கும் மக்கள் அனைவருக்குமான பாதுகாப்பு என்று மேடையில் சொல்வது பொய். அவர்களுக்கு வேண்டியது நாட்தளம் அல்ல, பருவத் தளம். தமிழ்நாட்டில் மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து, தொழில் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணமும் தனியாக உண்டு. தொகை சிறியது, வடிவம் சரியானது. நமக்கு இடைஞ்சலான படகுகள் வரும் கரையிலிருந்தே இந்தப் பாடமும் வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இலங்கையிலும் 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் மீனவருக்கு ஓய்வூதியம் என்று எழுதியது. அந்தச் சட்டம் பிறந்த ஆண்டில் மயிலிட்டியில் சேர்வதற்கு மீனவரே இல்லாமல் போனார். அது முதுமைக்கு உரியது, வாடைக்கு உதவாது.

பணத்துக்கு வழி இல்லை என்பார்கள். வடக்கில் தடுத்துவைத்திருந்த இந்தியப் படகுகளை 2022 பெப்ரவரியில் அரசு ஏலம் விட்டது. அந்தப் பணம் எந்தக் கடலின் சேதத்துக்கு ஈடோ அந்தக் கடலின் தொழிலாளருக்கான வாடைக்கால நிதியில் சேரலாம். தோட்டத்துக்குக் கொடுத்த 200 ரூபாவின் நியாயமும் இங்கே பொருந்தும். ஆனால் நிதி வருவதற்கு முன்னால் நடக்கவேண்டியது ஒன்று இருக்கிறது: யார் யாருடைய படகில் எத்தனை நாள் போனார், எவ்வளவுக்குக் கூறி விற்றது, எவ்வளவு எண்ணெய் கழிந்தது, பங்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் நிவாரணம் படகின் பதிவுப் புத்தகம் வைத்திருப்பவருக்கே போகும். எழுதிவைக்கக் கூடிய இடம் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கந்தான். அந்தச் சங்கத்தில் படகுக்காரரும் பங்குக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். தலைவர் கதிரையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் சொந்தப் படகு இருக்கும்.